முறுக்கேறிய கம்பி

எங்கள் தெருவில் ஒரு பழைய மாடி வீட்டை இடித்தார்கள். தளம் விழுந்த மறுநாள் காலை, இடிபாட்டுக்குள்ளிருந்து உருவிய கம்பிகளை ஒருவர் கருங்கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். அவர் நிமிர்த்திப் போட்டதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். துருவுக்கு அடியில் இரண்டு வரப்புகள், கயிற்றுப் புரி போலக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஓடின.

"இதுதான் சார் முறுக்குக் கம்பி. இப்ப வர்றதுல பேருதான் இருக்கு, முறுக்கு இல்ல" என்றார்.

இன்னொரு கம்பியையும் காட்டினார். கொக்கி போல வளைந்திருந்த அதன் மூலையில் நாலைந்து அடி போட்டார். மூலை அப்படியே இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, அதுவரை நேராக இருந்த இடம் எதிர்ப்பக்கமாக வளைந்துகொண்டது. "ஒருவாட்டி வளைஞ்ச இடம் சொன்ன பேச்சு கேக்காதுண்ணு வச்சுக்குங்க."

அவர் சொன்ன இரண்டும் அறிவியல்படி மிகச் சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் அழகு.

கடைகளில் இன்று முறுக்குக் கம்பி என்று விற்கப்படுவதை நன்றாகப் பார்த்தால், நீளவாக்கில் ஓடும் வரப்பு நேராகவே போவது தெரியும். பழைய கம்பியிலும் அது ஆலையில் உருட்டப்பட்டபோது நேராகத்தான் இருந்தது. பிறகு, சூடு முற்றிலும் ஆறிய நிலையில், கம்பியின் ஒரு முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுமுனையை இயந்திரத்தால் முறுக்கினார்கள். வரப்பு சுருளாக மாறியது அதனால்தான். கான்கிரீட்டைக் கவ்விப் பிடிக்கவே இந்த முறுக்கு என்று பலர் நினைப்பதுண்டு. கவ்வும் வேலையை வரப்புகளே பார்த்துக்கொள்ளும். முறுக்கியதன் முதல் நோக்கம் இரும்பையே வலுவாக்குவது.

எவ்வளவு வலு? சாதாரண மென்னெஃகுக் கம்பி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசை வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். முறுக்கிய கம்பிக்கு அந்த எல்லை 415 நியூட்டன். 12 மி.மீ. கம்பி ஒன்றைக் கணக்குப் போட்டால், முறுக்காதது சுமார் 2.9 டன் எடையைத் தாங்கும், முறுக்கியது சுமார் 4.8 டன்னைத் தாங்கும். இதற்காக விலையுயர்ந்த உலோகம் எதையும் சேர்க்கவில்லை, உலையில் வைத்துப் பதப்படுத்தவும் இல்லை. குளிர்ந்த கம்பியைப் பிடித்து முறுக்கினார்கள், அவ்வளவுதான். எஃகு தட்டுப்பாடாக இருந்த நாட்டில் இது எத்தனை பெரிய காரியம் என்று எண்ணிப்பாருங்கள். குளிர்நிலையில் முறுக்கிய கம்பிகளுக்கான இந்தியத் தர அளவுகோல் 1966-இல் வெளியானது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் நம் தளங்களும் தூண்களும் இந்தக் கம்பியின் மேல்தான் நின்றன.

முறுக்கினால் ஏன் வலுக்கிறது என்பதை வீட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். எர்த் இணைப்புக்குப் போடும் செம்புக் கம்பியில் ஒரு சாண் துண்டு போதும், 2 மி.மீ. பருமன் இருந்தால் நல்லது. புதுக் கம்பி குழைவாக இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினாலே வளையும். அதன் நடுவில் கூர்மையாக ஒரு மடிப்பு மடியுங்கள். இப்போது இரு முனைகளையும் பிடித்து நேராக்கப் பாருங்கள். மடிந்த மூலை நிமிராது. அதன் இருபுறமும் மிருதுவாக இருந்த பகுதிகள் வளைந்துகொடுக்கும், நடுவில் ஒரு திமில் மட்டும் மிஞ்சும். கம்பி நிமிர்த்துபவர் சொன்னது இதைத்தான். மடிந்ததால் அந்த மூலை, அதே கம்பியின் மற்ற இடங்களைவிட வலுவாகிவிட்டது.

அதே மூலையை இப்படியும் அப்படியுமாக வேகமாகப் பத்து முறை ஆட்டிவிட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். மேலும் ஆட்டினால் ஒடியும். ஒடியும் முன் நிறுத்தி, அடுப்புச் சுடரில் குறட்டால் பிடித்துச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால், கம்பி மேலே கறுத்திருக்கும், உள்ளே பழையபடி குழைந்திருக்கும். நான் முதன்முறை இதைச் செய்தபோது, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தும் காய்ச்சியும் ஒரு மாலைப்பொழுதே போனது. அந்தக் கம்பி மடிந்ததை நினைவில் வைத்திருந்தது, நெருப்பில் காட்டியதும் மறந்தது. அது எங்கே எழுதப்பட்டிருந்தது?

உலோகத்துக்குள் அணுக்கள் பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கியது போல வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன. இப்படி ஒழுங்காக அடுக்கிய ஒரு பகுதியைப் படிகம் என்கிறோம். கண்ணுக்கு ஒரே கட்டியாகத் தெரியும் கம்பி, இத்தகைய நுண்ணிய படிகங்கள் நெருக்கிச் சேர்ந்தது. கம்பி வளையும்போது படிகத்தின் ஒரு அணு அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்கிறது. இது முன்பே தெரிந்திருந்தது. 1926-இல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கெல், ஒரு அடுக்கு முழுவதையும் ஒரே மூச்சில் அடுத்ததன் மேல் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார். வந்த விடை, நிஜ உலோகப் படிகங்கள் வழுக்கத் தொடங்கும் விசையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. கணக்குப்படி செம்புக் கம்பியைக் கையால் வளைக்கவே முடியக்கூடாது. ஆக, உலோகம் ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதல்ல, ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்பதுதான் அன்றைய புதிர்.

1934-இல் மூன்று பேர் தனித்தனியே ஒரே விடையைத் தந்தார்கள். கேம்பிரிட்ஜின் ஜெஃப்ரி டெய்லர், ஹங்கேரியில் பிறந்த எகோன் ஓரோவான், மைக்கேல் பொலான்யி. பின்னிருவரின் கட்டுரைகளும் ஒரே ஜெர்மன் ஆய்விதழின் ஒரே தொகுதியில் வந்தன.

கல்யாண வீட்டுக் கூடத்தில் பெரிய ஜமக்காளம் விரித்திருக்கிறது. அதை நாலு விரற்கடை நகர்த்த வேண்டும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு ஓரத்தில் சிறு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மட்டும் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை கொண்டுபோனால், ஜமக்காளம் மொத்தமும் நகர்ந்திருக்கும். எந்த நேரத்திலும் தரையை விட்டு எழும்பியது மடிப்பு இருந்த கீற்று மட்டுமே. படிகத்திலும் இப்படித்தான். அணு அடுக்கு முழுதும் ஒன்றாக நகர்வதில்லை. வழுக்கிய பகுதிக்கும் இன்னும் வழுக்காத பகுதிக்கும் நடுவே, வரிசை பிசகிய ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு படிகத்தின் குறுக்கே நகர்ந்து முடிக்கும்போது ஒரு அடுக்கு ஓரணு தூரம் இடம் மாறியிருக்கும். அந்தக் கோட்டைப் பிறழ்வு என்று சொல்வோம். உருகிய உலோகம் உறையும்போதே பிறழ்வுகள் அதில் விழுந்துவிடுகின்றன. நம் கைக்குக் கம்பி வளைந்துகொடுப்பது இந்தக் குறையின் தயவால்.

காகிதத்தில் இருந்த இந்தக் கோடுகளை நம்பப் பலர் தயங்கினார்கள். 1956-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பீட்டர் ஹிர்ஷும் அவருடன் இருந்தவர்களும், மிக மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, பிறழ்வுக் கோடுகள் கண்முன்னே நகர்வதைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு ஆண்டு காத்திருப்புக்குப் பின் கிடைத்த காட்சி அது.

சரி, பிறழ்வு இருப்பதால் உலோகம் மெலிகிறது என்றால், வளைத்து முறுக்கி அதை மேலும் குலைக்கும்போது இன்னும் மெலியத்தானே வேண்டும்? இங்கேதான் விஷயம் தலைகீழாகத் திரும்புகிறது. முறுக்க முறுக்கப் பிறழ்வுகள் பெருகுகின்றன. எப்படிப் பெருகுகின்றன என்பதை 1950-இல் சார்லஸ் பிராங்க், தார்ன்டன் ரீட் இருவரும் விளக்கினார்கள். இரு முனையிலும் சிக்கிக்கொண்ட ஒரு பிறழ்வுக் கோடு, விசைக்கு வில்லாக வளைந்து, வீங்கி, சிக்கிய முனைகளைச் சுற்றிப் பின்பக்கம் வந்து தன்னைத்தானே தொட்டு, ஒரு வளையமாகக் கழன்று போகும். பழைய துண்டு அங்கேயே இருக்கும், அடுத்த வளையத்தை ஈனத் தொடங்கும். ஒன்றிலிருந்து நூறு, நூறிலிருந்து லட்சம்.

காய்ச்சி ஆறிய மிருதுவான உலோகத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிறழ்வுக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் பொதுவாகப் பத்து முதல் ஆயிரம் கிலோமீட்டர் தேறும். அதுவே கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. நன்றாக அடித்து முறுக்கிய உலோகத்திலோ அது பத்து லட்சம் கிலோமீட்டரைத் தொட்டு, அதற்கும் மேலே போகும். நிலவுக்குப் போய்த் திரும்பினாலே ஏழே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். விரல் நுனி அளவுச் செம்புக்குள் அத்தனை நீளக் கோடு அடைந்து கிடக்கிறது.

இவ்வளவு நெரிசலில் எந்தக் கோடும் தன் போக்கில் நகர முடியாது. ஒன்று போகும் வழியில் இன்னொன்று குறுக்கே நிற்கும். ஒன்றை ஒன்று வெட்டும்போது இரண்டிலும் முடிச்சு விழும். சில கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, நகரவே முடியாத பூட்டாகிவிடும். கண்டிலிருந்து அவிழ்ந்த நூல், இழுக்க இழுக்கச் சிக்கு இறுகுவது போல. சிக்கை மீறிக் கோட்டை நகர்த்தக் கூடுதல் விசை வேண்டும். அந்தக் கூடுதல் விசைதான் வலுவாக நமக்குத் தெரிகிறது. அது பிறழ்வுகளின் அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது என்பது டெய்லர் காட்டிய வழி. அடர்த்தி பத்தாயிரம் மடங்கானால் சிக்கினால் வரும் எதிர்ப்பு நூறு மடங்காகும்.

பிறழ்வே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளீயத்தில் தானாக முளைக்கும் மயிரிழை போன்ற படிகங்களை 1952-இல் ஹெரிங், கால்ட் என்ற இருவர் வளைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய குறையே இல்லாத அந்த இழைகள், பிரெங்கெல் கணக்கிட்ட வலுவின் பக்கத்தில் போய் நின்றன. உலோகம் மிக வலுவாக இருக்க வேண்டுமானால் அதில் குறையே இருக்கக்கூடாது, அல்லது ஒன்றை ஒன்று நகரவிடாத அளவுக்குக் குறைகள் மண்டியிருக்க வேண்டும். முதல் வழி மயிரிழை அளவில்தான் கைகூடும். வீடு கட்டவும் பாலம் கட்டவும் நமக்குக் கிடைத்தது இரண்டாவது வழி.

இதைத் திரிபுக் கடினமாதல் என்று தமிழில் சொல்லலாம், பொருளும் சரியே. ஆனால் வாயில் ஏறுவது வேறு சொல். உழைத்து இறுகிய உடம்பை முறுக்கேறிய உடம்பு என்கிறோமே, அந்த முறுக்கேறுதல்தான் இது. நான் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

முறுக்கேறும் குணம் வலுவைத் தருவதோடு நிற்பதில்லை. கம்பியை இழுக்கும்போது எங்கோ ஓரிடம் கொஞ்சம் மெலியும். மெலிந்த இடம் மேலும் நீளும், மேலும் மெலியும், அங்கேயே அறும், இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் நீண்ட இடம் முறுக்கேறிப் பக்கத்து இடத்தைவிட வலுத்துவிடுகிறது. அடுத்து நீள வேண்டிய முறை பக்கத்து இடத்துக்குப் போகிறது. இப்படிச் சுமை கைமாறிக் கைமாறிக் கம்பி முழுவதும் பங்கிட்டு நீள்கிறது. ஒரு வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி எவர்சில்வர் டம்ளர் ஆக்கும்போது, நடுவில் கிழியாமல் அது குழிந்து வருவதற்கு இந்தக் கைமாற்றம் பெரிய துணை.

இந்த முறுக்கைக் கைப்பக்குவமாக ஆண்டவர்கள் கன்னார்கள். செம்புத் தகட்டைக் குடமாக அடிக்கும் பட்டறையில் சற்று நேரம் நின்றால் தெரியும். முதலில் அடி மந்தமாக, சோற்றுப் பானையைத் தட்டியது போல விழும். போகப் போக ஒலி கூர்மையாகிக் கணீரென்று ஏறும். அடிக்கு அசையும் தூரமும் குறைந்துகொண்டே வரும். தகடு விறைத்துவிட்டது, இனி அடித்தால் விரிசல் விடும். உடனே அதை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவார்கள். எடுத்துத் தண்ணீரில் முக்கினாலும் செம்பு மிருதுவாகவே இருக்கும். காய்ச்சித் தண்ணீரில் விட்டால் இறுகுவது கார்பன் கலந்த எஃகின் குணம். மறுபடி அடி, மறுபடி நெருப்பு. கடைசிச் சுற்று அடிக்குப் பிறகு மட்டும் காய்ச்சுவதில்லை. குடத்தின் மேல் வரிசையாகத் தெரியும் அந்தச் சுத்தியல் தடங்களை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இடுப்பில் வைத்து அழுத்தினாலும் குடம் நெளியாமல் நிற்க அந்தத் தடங்களுக்கு அடியில் இறுகிய முறுக்குதான் காரணம்.

நெருப்பு செய்வது என்ன? வளைக்கவும் அடிக்கவும் நாம் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு அப்போதே வெப்பமாகிவிடும், உதட்டில் பட்ட வெதுவெதுப்பு அதுதான். ஒரு சிறு பங்கு மட்டும் சிக்கிய பிறழ்வுகளில் தேங்கி நிற்கும். காய்ச்சும்போது அணுக்களுக்கு அசையச் சக்தி கிடைக்கிறது. தேங்கிய ஆற்றல் உந்த, கலைந்த பழைய படிகங்களுக்கு நடுவே புதிய, ஒழுங்கான படிகங்கள் முளைத்து, சிக்கை விழுங்கிக்கொண்டே வளர்கின்றன. இந்த மாற்றம் எந்தச் சூட்டில் நடக்கும் என்பது உலோகத்துக்கு உலோகம் வேறு. வெள்ளீயத்துக்கு நம் அறையின் சூடே போதும். ரசம் வைக்கும் ஈயச் செம்பு எத்தனை அடி வாங்கிச் செய்யப்பட்டாலும் கடைசிவரை மிருதுவாக இருப்பதும், கை தவறி விழுந்தால் சட்டென்று நசுங்குவதும் இதனால்தான். அடித்து ஏற்றும் முறுக்கு அதில் நிலைப்பதே இல்லை.

கம்பி கட்டுபவர்கள் கையில் சுருளாக வைத்திருக்கும் கட்டுக்கம்பி இதன் இன்னொரு முகம். 5.5 மி.மீ. பருமனுள்ள கம்பியைச் சிறிய, அதைவிடச் சிறிய துளைகள் வழியே குளிர்நிலையில் இழுத்து இழுத்து அதை மெலிதாக்குகிறார்கள். 1.2 மி.மீ. ஆகும்போது ஒரு மீட்டர் கம்பி ஏறக்குறைய இருபத்தொரு மீட்டராக நீண்டிருக்கும். அத்தனை இழுப்பில் வில் போல விறைத்துவிடும் அதை வைத்துக் கட்டுப் போட முடியாது. அதனால் உலையில் காய்ச்சி ஆறவிட்டு முறுக்கை இறக்கிவிடுகிறார்கள். அது கறுப்பாக இருப்பது அந்தக் காய்ச்சலின் தடம். ஒரே தளத்தில் முறுக்கேற்றிய கம்பியை, முறுக்கிறக்கிய கம்பி கட்டிப் பிடித்திருந்த காலம் ஒன்று இருந்தது.

முறுக்குக்கு விலை உண்டு. அந்த விலை எங்கெல்லாம் வசூலாகும் என்பது பல நேரம் பிறகுதான் தெரியவந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகளின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் கிடங்கில் சும்மா இருக்கும்போதே வெடிப்பு விட்டன. பருவம் தவறாமல் வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். உண்மைக் காரணம் 1921-இல்தான் தெளிவானது. தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையை அரித்தது. வெறும் அரிப்பாக இருந்தால் உறை மெதுவாக மெலிந்திருக்கும். ஆனால் குளிர்நிலையில் இழுத்துச் செய்த அந்த உறைக்குள், உருவாக்கியபோது ஏறிய இழுவிசை அடங்காமல் காத்திருந்தது. அம்மோனியா கீறிவிட்ட இடத்தை அது பிளந்தது. மருந்து எளியது: உறைகளை மிதமாகக் காய்ச்சி அந்த உள் இழுவிசையைத் தணிப்பது.

நம் முறுக்குக் கம்பியும் இப்படித்தான் கணக்குத் தீர்த்தது. வலு ஏறிய அளவுக்கு நீளும் குணம் குறைந்தது. உடையும் முன் மென்னெஃகு குறைந்தது 23 சதவீதம் நீள வேண்டும் என்கிறது தர அளவுகோல். 415 வலுவுள்ள கம்பிக்கு அது 14.5 சதவீதம். பூகம்பத்தில் தூண் ஆடும்போது கம்பி நீண்டு கொடுத்தால்தான் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட அவகாசம் கிடைக்கும் என்பதால் இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. முறுக்கிய கம்பி எளிதில் துருவும் பிடித்தது. தீ விபத்தில் நன்றாகச் சூடேறிவிட்டால், ஆறிய பிறகும் முறுக்கால் வந்த வலு திரும்புவதில்லை. அடுப்பில் காட்டிய செம்புக் கம்பி மறந்ததைப் போல அதுவும் மறந்துவிடும்.

அதனால் வேறு வழி வந்தது. இன்றைய டி.எம்.டி. கம்பி, உருட்டாலையிலிருந்து சிவந்த சூட்டோடு வரும்போதே பீறிடும் தண்ணீருக்குள் புகுந்து வெளியே வருகிறது. மேல்தோல் சட்டென்று ஆறி இறுகுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே பரவி, அந்தத் தோலின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. தோல் வலுவாகவும் நடு குழைவாகவும் ஒரு கம்பி. வலுவும் வந்தது, நீளும் குணமும் பெருமளவு தங்கியது. முறுக்கும் இயந்திரம் தேவையற்றுப் போனது. வாங்குபவரும் விற்பவரும் கட்டுபவரும் மட்டும் முறுக்குக் கம்பி என்பதை விடவில்லை.

மாலையில் பழைய கம்பிகளை வண்டியில் ஏற்றினார்கள். பெரும்பாலும் உலைக்குத்தான் போகும் என்றார் அவர். நிமிராத மூலையோடு இருந்த அந்தக் கம்பியில் ஒரு முழம் கேட்டேன். "இதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே, வாளால் அறுத்துக் கொடுத்தார். மேசையில் இருக்கிறது. துருவைத் தேய்த்துவிட்டு வரப்பை விரலால் பின்தொடர்ந்தால், நேரான பகுதி முழுக்கச் சீராகச் சுற்றிப் போகிறது, மூலைக்கு வந்ததும் மட்டும் புரிகள் ஒருபக்கம் நெருங்கி மறுபக்கம் விலகி நிற்கின்றன.